“அம்மாவுக்கு வருத்தம்” என்றார்கள், நான் கோபம் என்று நினைத்துவிட்டேன்

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது ஒரு சங்கடம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் ஸ்ரீரங்கம் பக்கம். கணவருக்குச் சீனக்குடாவில் வேலை. திருகோணமலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. உவர்மலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவருடைய மகனும். நாங்கள் பெட்டி இறக்கிய அன்று இரவே குழல் புட்டும் மீன் குழம்பும் மாடிக்கு வந்தன. என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பிள்ளை’ என்பார், இல்லாவிட்டால் ‘மகள்’.

வெளிநாடு போகிறாயாமே என்று ஊரில் கேட்டவர்களிடம், அது என்ன வெளிநாடு, கடிகாரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். தயார் செய்துகொண்டதெல்லாம் விசா, சிம், பணம். நம் ஒரு ரூபாய்க்கு இங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வருகிறது என்று கணக்குப் போட்டேன். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ இங்கேயும் செல்லும் என்று தெரிந்துகொண்டேன். மூன்று சதுரக் கம்பி உள்ள பிளக்குக்கு அடாப்டர்கூட வாங்கி வந்தேன். பேச்சைப் பற்றி மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. தமிழ்தானே!

மூன்று வாரத்துக்கு முன் நான் மாடிக் கொடியில் போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே அந்த அம்மா பாயில் பரப்பியிருந்த மிளகாய் நனைந்துவிட்டது. சொல்லலாம் என்று இறங்கினேன், கதவு சாத்தியிருந்தது. மறுநாள் காலை படியில் மகன் எதிர்ப்பட்டார். “அம்மாவுக்கு வருத்தம் அக்கா, அதுதான் வெளியில் வரேல்லை” என்றார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. ஒரு பாய் மிளகாய்க்கு இவ்வளவு வருத்தமா? கோபம் ஆறட்டும், நானாகப் போய் ஏன் வாயைக் கொடுப்பானேன் என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். படியில்கூடச் சத்தமில்லாமல் இறங்கினேன்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. டெங்குக் காய்ச்சல். மூன்று நாள் வீட்டில் படுத்திருந்து, அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். “மேல் வீட்டுப் பிள்ளை எட்டியும் பார்க்கேல்லை” என்று சொன்னாராம்.

இப்போது அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. எப்படிப் போய்ச் சொல்வது? இங்கே நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன கொண்டுபோவார்கள்? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள், தனியாக அசடு வழிந்த மாதிரி இருக்கிறது.

கச்சான் காத்து எழுதியது:

சிரித்ததற்கு முதலில் மன்னிப்பு. இங்கே வருத்தம் என்றால் நோய், தங்கச்சி. ‘அவருக்குச் சீனி வருத்தம்’ என்று யாராவது சொன்னால், வீட்டில் சீனி தீர்ந்துபோன கவலை என்று நினைத்து ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அது சர்க்கரை நோய்.

லிங்கநகர் மிஸ் எழுதியது:

பிள்ளை, இதை இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் இன்றைக்குப் பின்னேரமே போங்கோ. பின்னேரம் என்றால் உங்களுடைய சாயங்காலம்.

கையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தோடம்பழம் (உங்களுடைய ஆரஞ்சு) நாலைந்து, மாரி பிஸ்கட் ஒரு பக்கற், காணும். சிலர் ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுபோவார்கள். இனிப்புப் பெட்டி கொண்டுபோக வேண்டாம், அது கலியாணம் சொல்லப் போகிற மாதிரி இருக்கும். மிளகாய்க் கதையையும் முதலே எடுக்க வேண்டாம். காய்ச்சல் எப்படி, சாப்பாடு இறங்குதா என்று கேளுங்கோ. அவ பிளேன்ரீ, பால் விடாத தேநீர், தருவா. நீங்கள் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மரியாதைக்கு இரண்டு தரம் வேண்டாம் என்பார்கள். இங்கே முதல் தரமே வாங்கிக் குடித்துவிடுங்கோ. வருத்தம் பார்க்க வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் போனால் மனதில் ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. அவ விளங்காதவ இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

நன்றி மிஸ். நீங்கள் எழுதியதிலேயே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். ‘ஒரு பக்கற், காணும்’. பிஸ்கட் எங்கே காணாமல் போனது என்று ஒரு வினாடி தேடினேன். காணும் என்றால் போதும் என்று வந்த இரண்டாம் மாதமே கற்றுக்கொண்டேன், ஆனாலும் காது முதலில் பழைய பக்கம்தான் போகிறது.

யோசித்துப் பார்த்தால் இந்த வருத்தம் முதல் தடவை இல்லை. போனில் “எங்கே நிற்கிறீங்க?” என்று கேட்டார்கள். “நிற்கவில்லை, வீட்டில் உட்கார்ந்துதான் இருக்கிறேன்” என்றேன். ஒருநாள் கீழ்வீட்டுத் தம்பி “நாளைக்குக் கச்சேரிக்குப் போக வேணும்” என்றபோது யார் பாடுகிறார்கள் என்று கேட்டேன். பாட்டு இல்லையாம், மாவட்டச் செயலகமாம். நூலகத்தில் பழக்கமான பெண் ஒருத்தி, “நேற்று அம்மா நல்லாப் பேசிப்போட்டா” என்று முகத்தைத் தொங்கப்போட்டபடி சொன்னாள். நல்லாப் பேசினால் நல்லதுதானே என்றேன். பேசுவது இங்கே திட்டுவது, சாதாரணப் பேச்சுக்குக் கதைப்பது. எங்கள் ஊரில் ‘கதைக்காதே’ என்றால் புளுகாதே என்று எடுத்துக்கொள்வோம்.

‘ஆறுதலா வாங்கோ’ என்பதற்கு மட்டும் இன்னும் பழகவில்லை. வாடகை கொடுக்க ஒருநாள் தாமதமானதும் அந்த அம்மா அப்படித்தான் சொன்னார். ஆறுதல் சொல்கிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று பதறிப்போனேன். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தமாம்.

பின்னேரம் போகலாம் என்றுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து வீடு நிறைய அவர்களுடைய சொந்தக்காரர்கள். நாளை போகிறேன்.

உப்புவெளியான் எழுதியது:

நான் பிறந்தது உப்புவெளி, இப்போது சுவிற்சர்லாந்தில் பேர்ண் பக்கம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். உங்கள் கதையை வாசித்ததும் என் முதல் வருஷம் ஞாபகம் வந்தது, ஆனால் அது இதற்கு நேர் எதிர்.

இங்கே மாடிக் கட்டடங்களில் துணி துவைக்கிற அறை எல்லோருக்கும் பொதுவாகக் கீழே இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று தாளில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். என் முறை இரண்டு கிழமைக்கு ஒருநாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்று போட்டுவிட்டேன். ஞாயிறு இங்கே சத்தம் போடக்கூடாத நாள். கடைகள் பூட்டு. வெறும் கண்ணாடிப் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவதுகூட அன்றைக்குப் பிழை. எனக்கு எதுவும் தெரியாது. கீழ்வீட்டுக் கிழவி வந்து நின்று ஏதோ சொன்னா. ‘யா, யா’ என்று தலையாட்டினேன். அடுத்த ஞாயிறும் போட்டேன்.

மூன்றாம் தரம் அவ கையில் கலண்டரோடு வந்தா. ஞாயிற்றின் மேல் விரலை வைத்து, காதைப் பொத்தி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினா. பிறகு என் நாளை வட்டம் போட்டுத் தந்தா. குப்பைக்குக் காசு கொடுத்து வாங்குகிற பை தனி என்பதையும் அவதான் தன் பையைத் தூக்கிக் காட்டிப் பழக்கினா. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவவுக்குத் தெரியும். அதனால் கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னா.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் வாயைத் திறந்தால் தமிழ் வருகிறது. அதனால் உங்களுக்கு எல்லாம் விளங்கும் என்று அவையும் நம்புகிறார்கள், நீங்களும் நம்புகிறீர்கள். ஜேர்மன்காரி ஒருத்தி மாடியில் இருந்திருந்தால், அந்தப் பெடியன் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் என்று காட்டியிருப்பான். உங்களிடம் ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டான். வில்லங்கம் முழுக்க அங்கேதான்.

(இரண்டு கிழமை என்றால் இரண்டு வாரம். சொல்லாமல் விட்டால் நீங்கள் திங்களும் செவ்வாயும் என்று எடுப்பீர்கள்.)

மண்டபத்து மகள் எழுதியது:

இதில் நான் எழுதாமல் இருக்க முடியாது.

1990இல் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியபோது எனக்கு ஏழு வயது. மண்டபம் அகதி முகாம், பிறகு வேறொரு மாவட்டத்தில் இன்னொரு முகாம். திருகோணமலைக்குத் திரும்பி வந்தது 2011. இருபத்தொரு வருஷம் தமிழ்நாடு.

அங்கே பள்ளிக்கூடத்தில் முதல் கிழமை, “டீச்சர், கதிரை உடைஞ்சிட்டுது” என்றேன். நாற்காலி என்று யாருக்கும் விளங்கவில்லை, வகுப்பே சிரித்தது. ஆறு மாதத்தில் கதிரை நாற்காலி ஆனது, குசினி சமையலறை ஆனது, தேத்தண்ணி டீ ஆனது. வீட்டுக்குள் மட்டும் அம்மாவோடு பழையபடி. முகாம் பிள்ளை என்று தெரியாமல் கடையில் சாமான் வாங்குவதே எனக்கு ஒரு பெருமையாக இருந்தது.

திரும்பி வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் அங்கே பிறந்தவை. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் இங்கே ஒன்றும் நடக்காது. அந்தத் தாள்களை நெஞ்சில் கட்டாத குறையாகக் கொண்டுவந்தேன். என் ஊர், என் சனம், இனி என்ன கஷ்டம் என்று நினைத்தேன். மத்திய வீதிப் பக்கம் ஒரு கடையில் நூறு கிராம் சோம்பு கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “இந்தியாவோ?” என்றார். பெருஞ்சீரகம் என்ற சொல் என் வாயில் இல்லாமல் போய்விட்டது. மகள் பள்ளியில் ‘சேர்’ என்பதற்குப் பதில் ‘சார்’ என்று சொல்லி, ஒரு தவணை முழுக்க அதுவே அவளுக்குப் பட்டப்பெயர்.

அங்கே நான் சிலோன்காரி. இங்கே இந்தியாக்காரி. அழுதது இங்கேதான் கூட. அங்கே அந்நியம் என்று மனதைக் கட்டி வைத்திருந்தேன், இங்கே கட்டவில்லை.

தங்கச்சி, அந்த அம்மாவிடம் போங்கோ. போகாமல் விட்ட ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டுதான் போகும்.

கச்சான் காத்து எழுதியது:

அக்கா எழுதியதற்குப் பிறகு பகிடி விட மனமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு கரைச்சல் எதற்கு? வந்த ஊரின் தமிழையே கதைத்துவிட்டால் போகுதே. நாங்கள் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் சென்னை போனால், ஆட்டோவில் ஏறுகிற நிமிஷமே ‘எவ்ளோ அண்ணா’ என்று மாறவில்லையா? மாறாவிட்டால் காசு இரண்டு மடங்கு.

மண்டபத்து மகள் எழுதியது:

நாங்கள் மாறியது பிழைப்புக்கு. அவ இங்கே வந்து ‘ஓமோம், என்னண்டு சுகம்’ என்று இழுத்தால் நக்கல் மாதிரிக் கேட்கும். தமிழ்நாட்டுச் சினிமாவில் எங்களைக் கதைக்க வைக்கிற விதம் பார்த்ததில்லையா?

லிங்கநகர் மிஸ் எழுதியது:

இரண்டு பேரும் சண்டை பிடிக்க வேண்டாம்.

முப்பது வருஷம் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பொருள்களின் பெயரைப் படிப்பது ஒன்று, குரலை மாற்றுவது வேறொன்று. சந்தையில் பீன்ஸ் என்றால் விளங்கும்தான், ஆனால் போஞ்சி என்றால் வேலை சுகம். முட்டைக்கோசு இங்கே கோவா, பூண்டு உள்ளி, எலுமிச்சை தேசிக்காய், வேர்க்கடலை கச்சான். அதே கச்சான்தான் இங்கே அடிக்கிற வெயில்காலக் காற்றுக்கும் பெயர், மேலே பகிடி விடுகிறவர் எதைக் கருதி அந்தப் பெயரை வைத்தாரோ தெரியாது. வஞ்சிரம் வேண்டுமென்றால் அறக்குளா என்று கேளுங்கோ. சர்க்கரை என்று கேட்டால் வெல்லம் தருவார்கள், வெள்ளையாக வேண்டுமென்றால் சீனி. இதையெல்லாம் சொன்னால் ஒருவரும் நக்கல் என்று எடுக்க மாட்டார்கள். மற்றப்படி உங்கள் திருச்சித் தமிழிலேயே கதையுங்கோ பிள்ளை, கேட்க வடிவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ‘நீர்’ என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் நடுவில் எங்களுக்கு ஒரு படி இருக்கிறது. புருஷன் பெண்சாதி, கூட்டாளிகள், படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் பாவிப்பது.

கிண்ணியாக்காரன் எழுதியது:

எங்கள் பக்கம் வந்தால் இன்னும் குழம்புவீங்க.

முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரன் நானா, சில ஊர்களில் காக்கா. மூத்த சகோதரி தாத்தா. ஆமாம், தாத்தா. என் உம்மாவைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, மதுரையிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் வாசலிலேயே முழித்துக்கொண்டு நின்றார். சிங்களத்தில் அதே தாத்தா அப்பா. பஸ்ஸில் சிங்கள அம்மா யாராவது உங்கள் கணவரை மல்லி என்றால், அது பூவும் இல்லை கொத்தமல்லியும் இல்லை, தம்பி. அவர்களுக்கு ஐயா என்றால் அண்ணன்.

அப்புறம் பழைய ஆட்கள் ‘பாதையில் ஏறிப் போனோம்’ என்று கதை சொல்வார்கள். பாதை என்பது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றுகிற மிதவைப் படகு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை டவுனுக்கு எங்களுக்கு அதுதான் வழி.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரம் எங்கள் கடைகள் பூட்டியிருக்கும், அதற்குப் பிறகு வாங்க. நோன்புக் காலத்தில் வந்தால் கஞ்சி கிடைக்கும். சட்டித் தயிர் எப்போதும் கிடைக்கும். ஆனால் தயிரில் உப்புப் போட்டுத் தாளித்துச் சோற்றோடு சாப்பிடுவேன் என்று எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீங்க, உம்மா நம்ப மாட்டா. இங்கே தயிருக்குச் சீனி, இல்லாவிட்டால் கித்துள் பாணி, ஒரு பனைவகைப் பாகு.

காவிரிக்கரை எழுதியது:

தயிர் சாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் தாங்கமாட்டேன் அண்ணா! அதுவும் இல்லையென்றால் எட்டு மாதம் ஓட்டியிருக்க முடியாது. பாக்கெட் பால் தேடி அலைந்து, எல்லா வீட்டிலும் பால்மாவில்தான் டீ என்று தெரிந்த அன்றைக்கே பாதி ஊர் நினைப்பு வந்துவிட்டது. தோசை இங்கே ராத்திரிச் சாப்பாடு என்பதற்கும் வயிறு பழக நாளானது. காலையில் பாண், அதாவது பிரெட்.

வெளியிடத்திலும் இரண்டு அடி வாங்கினேன். கணவரின் நண்பர்கள் வருகிறார்கள் என்று கோழி வாங்கப் போனால் கடை பூட்டு. பௌர்ணமியாம். மாதா மாதம் பௌர்ணமி அன்று நாட்டுக்கே விடுமுறை, இறைச்சிக்கடை மூடல் என்று யாரும் சொல்லவில்லை. கத்தரிக்காயில் சமாளித்தேன். இன்னொரு நாள் பஸ்ஸில் முன் இருக்கை காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். பிக்கு ஒருவர் ஏறினார், நடத்துனர் என்னையே பார்த்தார். திரும்பிப் பார்த்தால் மதகுருமாருக்கு என்று தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. அதுவும் தமிழில்.

கச்சான் காத்து எழுதியது:

போயா (அந்தப் பௌர்ணமி நாள்) அன்றைக்குச் சாராயமும் கிடையாது, நண்பர்கள் வருவதென்றால் அதையும் கணக்கில் வையுங்கோ. சித்திரை வருஷத்துக்கு இதைவிடப் பெரிய பூட்டு. கடைகள் இரண்டு மூன்று நாளைக்குத் திறக்காது, மரக்கறி, காஸ் எல்லாம் முன்னமே வாங்கி வைக்க வேணும். அன்றைக்குக் கோயிலிலிருந்து மருத்துநீர் வரும், குடித்துவிடாதீங்கோ. தலையில் வைத்து முழுகுவதற்கு. பிறகு கீழ்வீட்டு அம்மாவிடம் கைவிசேஷம் (புத்தாண்டுக்குப் பெரியவர்கள் கையில் தருகிற காசு) வாங்கலாம், அதற்காகவாவது முதல் சமாதானம் ஆகுங்கோ.

காவிரிக்கரை எழுதியது:

போய்விட்டு வந்தேன்.

தோடம்பழமும் மாரி பிஸ்கட்டும்தான் கொண்டுபோனேன். கூடத்தில் கதிரையில் சாய்ந்திருந்தார். பாதியாகிவிட்டார். மிஸ் சொன்னபடி முதலில் காய்ச்சலைத்தான் விசாரித்தேன். பதில் சொன்னார், ஆனால் அளந்து சொன்னார். பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சர்க்கரையும் வந்தன. உடனே எடுத்துக் குடித்தேன். அப்புறம் மிளகாயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் மனவருத்தம், நீங்கள் என்மேல் மனத்தாங்கலாக இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் வரவில்லை என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். மகனைக் கூப்பிட்டார். “டேய், நீ இந்தப் பிள்ளைக்கு என்னடா சொன்னனீ?” அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். மிளகாய் நனைந்ததே அவருக்குத் தெரியாதாம். அன்று மதியமே காய்ச்சலில் போய்ப் படுத்துவிட்டாராம்.

ஆனால் சிரித்து முடிந்ததும் ஒன்று சொன்னார். “முதல் இரண்டு நாளும் இந்த அறையில்தான் கிடந்தனான். மேல நீங்கள் நடக்கிற சத்தம் கேட்கும். இப்ப இறங்கும், இப்ப இறங்கும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். மூன்றாம் நாள் சத்தமே இல்லை. ஊருக்குப் போட்டுதோ எண்டு நினைச்சன்.” அந்தச் சத்தம் ஏன் நின்றது என்று எனக்குத்தானே தெரியும். பதில் சொல்ல முடியவில்லை, தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்து, நாளைக்கும் வரச் சொன்னார். வாய்க் கசப்பாக இருக்கிறதாம், ரசம் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே ரசம் என்றால் வேறு எதுவும் அர்த்தம் இல்லையே மிஸ்? இந்தத் தடவை முன்னாடியே கேட்டுவிடுகிறேன்.

லிங்கநகர் மிஸ் எழுதியது:

ரசம் ரசம்தான் பிள்ளை. உள்ளி கொஞ்சம் கூடப் போடுங்கோ.